அவசரம் லேது

ஜூலை 1, திங்கள்

இந்த டைரியில் பொய் எழுதமாட்டேன். நடந்தது நடந்தபடி. என்னைப் பற்றிய கெட்டதும் சேர்த்து. (எழுதியபிறகு கொஞ்சம் பயமாக இருக்கிறது. இருக்கட்டும்.)

காலையிலிருந்து காற்று. வகுப்பு முழுக்கப் புழுதி. டைரி போன வருஷத்தது, உரக்கடையில் அத்தைக்குக் கொடுத்தார்கள். அதனால் கிழமை எல்லாம் மாறியிருக்கிறது. ஆகஸ்ட் வரை அடித்துத் திருத்தினேன்.

பெரியவளான பிறகு படித்தால் மறந்துபோயிருக்குமே, அதற்காக:

பெயர் சுகுணா. பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். நைனா, அம்மா, தம்பி மூவரும் பெங்களூரில். நைனாவுக்குக் கட்டட வேலை. நான் இங்கே, சித்தூர் பக்கத்துக் கிராமத்தில், அத்தை வீட்டில். போன வருஷத்துக்கு முன்னால் காட்பாடியில் மாமா வீட்டில் படித்தேன். இங்கே வந்துதான் தெலுங்கு எழுத்தே பார்த்தேன். ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டேன். இந்த ஊரில் பிறந்தவர்களைவிட என் எழுத்து உருண்டை.

வகுப்பில் பதினோரு பேர். போன வருஷம் பதினெட்டு. போனவர்களில் பாதி பெங்களூருக்கு, பாதி சித்தூர் கான்வென்ட் வேனுக்கு.

கணக்கு டீச்சர் ஏப்ரலில் மாற்றலாகிப் போனார். பதிலுக்கு ஆள் வரவில்லை. பெரிய சார் (தலைமையாசிரியர், இனிமேல் பெ.சா.) சரித்திரக்காரர். அவரே கைடைப் பார்த்துக் கணக்கும் போடுகிறார். கேள்வி கேட்டால் பக்கம் திருப்புகிறார். பாவம்.

போன மாதம் செய்த பெரிய காரியத்தையும் எழுதிவைக்கிறேன். கல்வி ஆபீசிலிருந்து ஒரு பாரம் வந்தது, எந்தெந்தப் பாடத்துக்கு ஆசிரியர் நிலைமை என்ன என்று. தெலுங்கில் நிரப்ப வேண்டும். பெ.சா. மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். கணக்குக்கு நேராக என்ன எழுத என்று கேட்டேன்.

"இப்பவே குடுன்னு மேல உக்காந்துக்கினு கேட்டா நல்லா இருக்காது. ஆகஸ்ட் வரைக்கும் நான் ஓட்டிடுவேன். அவசரமில்லன்னு மரியாதையா போடு."

போட்டேன். அவசரம் லேது. 'ர' மட்டும் மூன்று முறை பயிற்சி செய்தபின். அதற்குள் பஸ் ஹாரன். அவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினார்.

ஒரு பள்ளிக்கூடத்தின் பதிலை நான் எழுதினேன்!

ஜூலை 3, புதன்

எஸ்.டி.டி. பூத்தில் நைனா போன். லைனில் சிமெண்ட் கலக்கும் சத்தம்.

"இன்னா, கணக்கு வாத்தியாரு வந்தாரா?"

"இன்னும் இல்ல நைனா."

"வாத்தியாரே இல்லாத பள்ளிக்கூடத்துல இன்னாத்த படிப்ப? இந்த மாசம் முழுக்க பாக்கறேன். வந்தா படி. வரலன்னா பெட்டிய கட்டிக்கினு வந்துடு. இங்க கார்மெண்ட்ஸ்ல பொண்ணுங்கள எடுக்கறாங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணு போய்க்கினு இருக்குது."

அம்மா வாங்கிப் பேசினாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். பின்னால் தம்பி கன்னடத்தில் யாரோடோ சண்டை.

பூத்துக்கார அண்ணன், "அழுவறதுன்னா வெளிய போய் அழும்மா, லைன்ல ஆள் நிக்குது" என்றார். நான் அழவில்லை. தூசி.

(முதல் பக்கத்தில் என்ன எழுதினேன்? சரி. அழுதேன்.)

ஜூலை 8, திங்கள்

பெரிய நாள்.

ஒன்பதே முக்கால் டவுன் பஸ்ஸில் ஒரு அம்மா இறங்கினார். கனமான பை, வெயிலுக்குத் தலையில் முந்தானை. மஞ்சுளா (என் பெஞ்ச்) காதில், "பொடவை விக்கறவங்கடி" என்றாள். நேராக வகுப்புக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பெ.சா. பலகையிலிருந்து திரும்பாமலே, "பேரண்ட்ஸ் எல்லாம் பன்னெண்டு மணிக்கு மேல வரணும்மா" என்றார்.

"சரே சார்," என்றார் அவர். உட்கார்ந்தே இருந்தார். குரல் கேட்டுப் பெ.சா. திரும்பினார்.

டி.இ.ஓ. மேடம்! ஜில்லா முழுவதற்கும் கல்வி அதிகாரி! பெ.சா. கையிலிருந்து சாக்பீஸ் விழுந்து மூன்று துண்டு.

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எப்போதும் என் நோட்டைத்தான் காட்டுவார்கள். அட்டை போட்டது, மார்ஜின் சிவப்பு. பெ.சா. அதைத்தான் நீட்டினார். மேடம் மேலட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் சொன்னார்: இது வேண்டாம், தப்புள்ள நோட்டு கொடுங்கள். யாரும் நகரவில்லை. தெலுங்கு புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, "தப்பு, தப்பு" என்று விரலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். அந்தச் சொல் மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

மஞ்சுளாவின் நோட்டு போயிற்று. அவள் முகம் வெளுத்துவிட்டது.

மேடம் பக்கம் பக்கமாகப் பார்த்தார், மற்றவர்கள் கதைப் புத்தகம் படிப்பதுபோல. பிறகு மஞ்சுளாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் வரும் இடங்களை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டார். எல்லா இடத்திலும் அவள் முதல் எண்ணின் குறியை மாற்றியிருக்கிறாள், இரண்டாவதை விட்டிருக்கிறாள். எல்லா இடத்திலும்!

"இவை இருபது தப்பு இல்லை. ஒரே தப்பு, இருபது முறை," என்றார். நல்ல நோட்டில் கையெழுத்துதான் தெரியும், தப்பு நோட்டில்தான் என்ன சொல்லிக்கொடுக்கவில்லை என்பது தெரியும் என்றும் சொன்னார்.

மஞ்சுளா ஏழாவதிலிருந்து தான் மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவள். மத்தியானம் சோறு துன்னாமல் கணக்குப் போட்டாள். எல்லாம் சரி. என்னைப் பார்த்து, "ஏய், நான் மக்கு இல்லடி" என்றாள். அவ்வளவு சத்தமாக.

எனக்குப் பொறாமை. என் நோட்டைத் தடவியதோடு சரி.

மேலும் கவனித்தவை:

பையன்கள் நான்கு பேர் வரவில்லை. மாங்காய் லோடு. ஜூஸ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கும் காலம். மேடம் திட்டவில்லை. லோடு எத்தனை மணிக்கு என்று கேட்டார். பத்துக்கு மேல் என்றோம். அப்படியானால் சீசன் முடியும்வரை அவர்களுக்குக் காலை ஏழு மணிக்கு வகுப்பு வைக்க முடியுமா என்று பெ.சா.வைக் கேட்டார். உத்தரவு போடவில்லை, கேட்டார்.

டீ மட்டும் குடித்தார். டம்ளரை அவரே கழுவினார்.

பகலில் வீணாக எரிந்த பல்பை, போகும்போது அவரே அணைத்தார்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அவர் பேசுவது புத்தகத் தெலுங்கு, வேகம் வேறு. ஊரில் எல்லாருக்கும் சந்தைத் தெலுங்குதான். தமிழில் திருப்பிச் சொல்ல ஆள் வேண்டும். பெ.சா. என்னைக் காட்டினார்.

பொறாமை போயிற்று. பெரியவளானால் மேடம் மாதிரி ஆக வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் நல்லது. மேடம் பேசியதை மறக்கக் கூடாது.

பதவிக்கு வந்த புதிதில் சுவர், பெஞ்ச், சுண்ணாம்பு இருந்தால் பள்ளி முன்னேறும் என்று நம்பினாராம். நிறைய சுவர்களுக்கு வெள்ளை அடித்தாராம். அடுத்த வருஷம் அதே பள்ளிகளுக்குப் போனால், வெள்ளைச் சுவருக்குள்ளே அதே பிள்ளைகள், அதே தப்பு. அன்றிலிருந்து சுவரைப் பார்ப்பதில்லையாம். எந்த வகுப்பில் பிள்ளைகள் ஆசிரியரைக் கேள்வி கேட்கிறார்கள் என்று பார்க்கிறாராம்.

கான்வென்ட்டுக்கு அனுப்புகிறவர்கள்மேல் கோபம் இல்லையாம். "நம்பிக்கையைத் தொலைத்தது நாங்கள். போனவர்களை ஏசி என்ன ஆகும்? இருக்கிற பதினோரு பேருக்கு ஒழுங்காகச் செய்தால், பன்னிரண்டாவது பிள்ளை தானாக வரும்."

பெங்களூருக்குப் போய் நடுவருஷத்தில் திரும்பும் பிள்ளைகளைப் பற்றி: டி.சி. எங்கே, கையெழுத்து எங்கே என்று வாசலில் நிறுத்தாதீர்கள். முதலில் பெஞ்சில் உட்கார வையுங்கள். காகிதம் மெதுவாக வரட்டும். (இதைத் தமிழில் சொல்லும்போது என் குரல் ஒருமாதிரி ஆயிற்று. பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். பாதிப் பேர் வீட்டுக்காரர் பெங்களூரில்தானே.)

பிறகு, "பில்லலகு பயம் அவசரம் லேது" என்றார்.

நான் கணீரென்று, "பிள்ளைங்களுக்கு பயம் அவசரமில்லை!" என்றேன்.

பிறகு மஞ்சுளாவின் அம்மா, "அப்போ நிதானமா பயந்துக்கலாமா?" என்றாள். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. லாரி ஓட்டும் கோவிந்தண்ணன், வாரம் மூன்று தடவை திருப்பதி போய் வருகிறவர், வாசலில் நின்றபடி, "பாப்பா! அவசரம்னா தெலுங்குல 'வேணும்'னு அர்த்தம்மா. பயம் வேணாங்கறாங்க!" என்றார்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஏதோ நின்றுபோயிற்று.

அவசரம் லேது என்றால், வேண்டாம்.

எத்தனை பாடத்தில் படித்திருப்பேன் இந்தச் சொல்லை. ஒவ்வொரு முறையும் தமிழ் அவசரமாகவே படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எப்படியோ பொருந்தித் தொலைத்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் மஞ்சுளாவின் அம்மா, "அது கெடக்கட்டும், கணக்கு வாத்தியாரு எப்போ வருவாரு, அத கேளு" என்றாள். கேட்டேன். மேடம் ஃபைலைப் புரட்டி ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். என் உருண்டை எழுத்து. எனக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாக:

"லெக்கல டீச்சர் அவசரம் லேதனி மீரே ராசாரு கதா?"

கணக்கு டீச்சர் வேண்டாம் என்று நீங்களே எழுதினீர்களே. அதனால் வரவேண்டிய ஆசிரியரை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டோம் என்றும் சொன்னார்.

பெ.சா. டீ சொல்ல வெளியே போயிருந்தார். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

நான் சொன்னது: "வாத்தியார வேற ஊருக்கு அனுப்பிட்டாங்களாம்."

பொய் இல்லை. பாதி. பாதியை முழுங்கிவிட்டேன்.

"பாத்தியா! வர்றது, நல்லா பேசறது, போறது!"

"நாம தமிழுதானே, நம்மள யாரு கேக்கப் போறா."

"வேன்காரன் கிட்ட சொல்லிட வேண்டியதுதான்."

மேடத்துக்கு வார்த்தை புரியவில்லை, கோபம் புரிந்தது. எழுந்து கைகூப்பினார். அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை என்னால். நான்கு நாள் முன்பு அவர் மாதிரி ஆக வேண்டும் என்று நினைத்தவள், அவரை ஊர் ஏச விட்டேன்.

அத்தை கேட்டாள், "இன்னாடி, கூட்டத்துல நல்லா பேசினியாமே?"

ஜூலை 13, சனி

பெ.சா. வீட்டுக்கே போய்ச் சொன்னேன். கயிற்றுக்கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். கழற்றினார்.

"எனக்குத் தெரியும்மா அந்த வார்த்தைக்கு அர்த்தம். இருவத்தஞ்சு வருஷமா தெலுங்கு பேசறேன். ஒரு தரம் பாத்திருந்தா போதும். அவசரமா கையெழுத்துப் போட்டேன்."

அவர் சொன்னது தமிழ் அவசரம். இருவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவர் மனைவி, "வுட்டுடுங்க, மெமோ கிமோ குடுத்துடப் போறாங்க" என்றார். பெ.சா. சட்டை மாட்டும் ஆணியையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, "திங்கக்கெழம ஒம்பது மணி பஸ். அத்தை கிட்ட சொல்லிட்டு வா" என்றார்.

பெ.சா.வைப் பற்றி "பாவம்" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

சித்தூர். பஸ் முழுக்க மாங்காய் வாசனை. வழியெல்லாம் மனதுக்குள் தெலுங்கில் ஒத்திகை. ஆபீசில் நாற்பது நிமிஷம் பெஞ்சில். ஒத்திகை எல்லாம் ஆவியாகிவிட்டது.

உள்ளே போய் நின்றதும் "மேடம், நேனு, நேனு" என்று தடுமாறினேன். மேடம் சிரித்து, "தொந்தர லேதம்மா" என்றார்.

தொந்தரவு இல்லையாம்! இவ்வளவு செய்திருக்கிறேன், தொந்தரவு இல்லையாம். "இல்லை மேடம், நிறைய தொந்தர உந்தி!" என்றேன் தெலுங்கில்.

மேடம் திடுக்கிட்டுச் சுவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எத்தனை மணிக்கு பஸ்?"

பெ.சா. தலையில் கைவைத்துக்கொண்டார். "அம்மா, தொந்தரன்னா தெலுங்குல அவசரம். மெதுவா பேசுங்கறாங்க. நீ ரொம்ப அவசரம்னு சொல்லிட்டே."

அப்புறம் அவரே முழுவதையும் தெலுங்கில் சொன்னார். தன் கையெழுத்தைச் சொல்லித்தான் ஆரம்பித்தார், என் எழுத்தைச் சொல்லி அல்ல. கூட்டத்தில் பாதியை முழுங்கியதை மட்டும் நானே சொன்னேன். அதை வேறு யார் சொல்வது.

மேடம் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை. பிறகு சிரிப்பு நின்றது. அந்தப் பாரத்தை எடுத்து மேசையில் வைத்து, என் எழுத்தின்மேல் விரலை ஓட்டினார்.

அவர் சொன்னது, முடிந்தவரை அப்படியே:

"வேண்டாம் என்று சொல்ல எந்தப் பள்ளியாவது பேனா எடுக்குமா? பதினோரு பிள்ளைகள், கணக்கு ஆசிரியர் இல்லை, ஆனால் வேண்டாமாம். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஊர் ஊராகப் போய்த் தப்பு நோட்டு கேட்கிறேன். என் மேசையில் இருந்ததைப் படிக்கவில்லை. எங்கும் ஆள் பற்றாக்குறை, ஒரு பள்ளி வேண்டாம் என்றால் எனக்கு வசதி. வசதியாக இருந்ததால் நம்பிவிட்டேன்."

ஒரு அதிகாரி, என் முன்னால், பெ.சா. முன்னால், டீ கொண்டுவந்தவர் முன்னால்!

பிறகு திடீரென்று நிமிர்ந்து, மற்றத் தமிழ் மீடியம் பள்ளிகளின் பாரங்களையும் எடுத்துவரச் சொன்னார். அவரே ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

இன்னும் இரண்டு பள்ளிகள். ஒன்றில் அறிவியலுக்கு, ஒன்றில் ஹிந்திக்கு. அவசரம் லேது.

மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைப் பார்த்தார். "ஒகே தப்பு," என்றார். ஒரே தப்பு. எனக்கு மஞ்சுளாவின் நோட்டு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

இனி தமிழ்ப் பள்ளிகளுக்குத் தமிழில் பாரம். தமிழிலேயே எழுதுங்கள், படிக்க ஆள் வைப்பது என் பொறுப்பு என்றார்.

ஆனால் ஆசிரியர்? அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கொடுத்ததைப் பிடுங்கமாட்டேன் என்றார். அது சரிதான். சரி என்று தெரிந்தும் பெ.சா.வைப் பார்த்தேன். அப்புறம்தான் சொன்னார்: மூன்று நாள் அங்கே, மூன்று நாள் இங்கே. அந்த ஊர் ஒத்துக்கொண்டால். அதை அவரே நேரில் போய்க் கேட்பாராம்.

வரும்போது அறை வாசலில் திரும்பிப் பார்த்தேன். தன் பையிலிருந்து ஒரு பழைய நோட்டு எடுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அட்டை இல்லாத நோட்டு.

பஸ்ஸில் பெ.சா. வேர்க்கடலை வாங்கித் தந்தார். "இனிமே எங்கிட்ட கண்ணாடி இல்லன்னா எழுதாத" என்றார்.

ஊரில் இறங்கியதும் நேராக மஞ்சுளா வீடு. அவள் அம்மாவிடம் முழுவதும் சொன்னேன். "அடிப்பாவி, நீதானா!" என்றாள். பிறகு, "அந்த அம்மாவப் போய் ஏசிட்டமே" என்று என்னைவிட அவள்தான் வருத்தப்பட்டாள். விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

ஜூலை 18, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது! அந்த ஊர் ஒத்துக்கொண்டதாம். திங்கள், புதன், வெள்ளி நமக்கு. தாளின் ஓரத்தில் மேடத்தின் கையெழுத்தில் தெலுங்கில் ஒரே சொல்: அவசரம். பெ.சா. கண்ணாடி போட்டு மூன்று முறை படித்தார். எந்த மொழியில் படித்தாலும் நமக்குச் சாதகம்தான் என்றார்.

சாயங்காலம் பூத். எண்ணை இரண்டு முறை தப்பாகச் சுழற்றினேன்.

"மூணு நாளா? அது இன்னா, பாதி வாத்தியாரா?"

"பாதி இல்ல நைனா. முழு வாத்தியாரு, மூணு நாளு."

பிறகு நடந்தது அத்தனையும் சொன்னேன், நான் எழுதியது, முழுங்கியது, சித்தூர் போனது. திட்டுவார் என்று ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"அவ்ளோ பெரிய ஆபீசரு, தப்பு எம்மேலயும்தான்னு சொன்னாங்களா?"

"ஆமா நைனா."

"எங்க மேஸ்திரி ஒரு நாளு சொன்னதில்ல." கொஞ்சம் கழித்து, "படி. இந்த வருஷம் முழுக்க படி. கார்மெண்ட்ஸ் எங்கயும் ஓடிடாது."

பூத்துக்கார அண்ணன் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. தூசியும் இல்லை. அழுதேன்.

ஜூலை 22, திங்கள்

லேசான தூறல். கணக்கு சார் வந்துவிட்டார்! ஒல்லி, பெரிய குரல், தெலுங்குக்காரர், தமிழ் கொஞ்சம் கொஞ்சம். மூன்று நாள்தான் என்பதால் சாயங்காலமும் வகுப்பு, ஆறரை பஸ் வரும்வரை. மேகம் இருட்டிக்கொண்டு வந்ததால் லைட் போட்டிருக்கிறோம். பையன்கள் நால்வரும் லோடு முடித்து மாங்காய்ப் பால் ஒட்டிய கையோடு வந்திருக்கிறார்கள். பன்னிரண்டாவதாக ஒரு பெண், பெங்களூரிலிருந்து திரும்பியவள், டி.சி. இல்லாமல் முன் பெஞ்சில்.

சார் உள்ளே வந்ததும் முதலில் கேட்டது தப்பு நோட்டு. மேடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் ஓடிப்போய் முதலில் கொடுத்தேன். இதில் தப்பே இல்லையே என்றார் புரட்டிவிட்டு. வெட்கமாகப் போயிற்று. கைடைப் பார்த்து எழுதியது சார் என்றேன், எல்லார் முன்னாலும்.

உடனே பலகையில் ஒரு கணக்கு. கைடில் இல்லாதது. தனியாகப் போடு என்றார்.

போட்டேன். தப்பு! பெரிய சிவப்புப் பெருக்கல் குறி, என் நோட்டில் முதல் முறை. மஞ்சுளா எட்டிப் பார்த்து, "வாடி வா" என்றாள்.

எல்லாரும் பை எடுத்தாயிற்று. நான் மட்டும் பெஞ்சில், பக்கத்தில் டைரி, எதிரில் அந்தக் கணக்கு. எங்கே தப்பு என்று தெரிகிறமாதிரி இருக்கிறது. மூன்றாவது வரி. அடைப்புக்குறிக்கு முன்னால் இருக்கும் மைன...

சார் வாசலில் நிற்கிறார். இரண்டே நிமிஷம் சார் என்றேன். "தொந்தர லேதம்மா" என்றார். சொல்லிவிட்டு, கை பழக்கத்தில், லைட்டை அணைத்துவிட்டார்.